ஆரோட வெண்டனி, அதை முதல் சொல்லு!

தம்பி, உந்தப் போனை ஒருக்கால் கீழ வை. அட்டவணை பார்த்தது காணும். ஆர் முதலாம் இடம், ஆர் ஏழாம் இடம், ஆருக்கு எத்தினை புள்ளி, புள்ளிக்குப் பின்னால இன்னும் ரெண்டு தசமம். வடிவாத்தான் இருக்கு, கலர் எல்லாம் போட்டிருக்கிறாங்கள். இந்தக் கிழவன்ர ஒரேயொரு கேள்விக்கு மட்டும் உதுக்குள்ள மறுமொழி இருக்கோ எண்டு தேடிப் பார். வெண்டது சரி, ஆரோட வெண்டது?

முழிக்காதை. களுபோவிலயில இருந்து வெள்ளவத்தைச் சந்தை வரைக்கும் நடந்து போனால் வழியில பத்துக் கிரிக்கெட் பண்டிதரையெண்டாலும் காணலாம். எல்லாருக்கும் இலக்கம் தெரியும். சராசரி தெரியும், தரவரிசை தெரியும், எந்தப் பொடியன் எத்தினை சதம் எண்டும் தெரியும். எதிரில நிண்டது ஆர் எண்டு கேட்டுப் பார். மூண்டு பேர் தலையைச் சொறிவினம். மிச்சப் பேர், ஐயாவுக்கு நாட்டுப்பற்று இல்லை எண்டு கொழுவ வருவினம்.

2023ஆம் ஆண்டை மறந்துபோனியோ? நான் மறக்கேல்லை. ஜூன் மாசம் தொடங்கின வெற்றி செப்டெம்பர் வரைக்கும் நிக்கேல்லை. எங்கட இலங்கை அணி ஒருநாள் போட்டியில ஒண்டும் விடாமல் 13 வெண்டது. உலகத்திலயே ரெண்டாவது நீளமான வெற்றி வரிசை எண்டு பேப்பர்க்காரரும் எழுதினவை. அதுக்கு மேல 21 வெண்ட அவுஸ்திரேலியா மட்டும்தான். உன்னைப்போலப் பொடியள் அந்த மாசங்களில நிலத்திலயே நடக்கேல்லை. உலகக் கிண்ணத்தை வைக்க அலுமாரியில இடம் ஒதுக்காததுதான் குறை.

நான் அப்பவும் உதே கேள்விதான் கேட்டனான். ஆரோட மோனே?

விரலை மடிச்சு எண்ணு. முதல் ரெண்டு ஆப்கானிஸ்தானோட, அதுவும் எங்கட ஹம்பாந்தோட்டையில. அந்தத் தொடரின்ர முதலாவது போட்டியில அவங்களிட்டத் தோத்தது, அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம். பேந்து உலகக் கிண்ணத்துக்கு நேராப் போக வழியில்லாமல் தகுதிகாண் போட்டிக்குச் சிம்பாப்வே போச்சினம். அங்க ஐக்கிய அரபு இராச்சியம், ஓமான், அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, நெதர்லாந்து, சிம்பாப்வே, மேற்கிந்தியத் தீவுகள், இறுதிப் போட்டியில திரும்பவும் நெதர்லாந்து. எட்டாச்சோ? அப்பிடியே ஆசியக் கிண்ணத்துக்கு வந்து பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான், திரும்பவும் பங்களாதேஷ். கூட்டிப் பார், 13 வரும். அதிலயும் ஆப்கானிஸ்தானிட்ட 2 ஓட்டத்தால தப்பிப் பிழைச்சவை. இந்தியா எங்க? அவுஸ்திரேலியா எங்க? இங்கிலாந்து, தென்னாபிரிக்கா? ஒருத்தரையும் காணேல்லை.

பொடியளைக் குறை சொல்லுறன் எண்டு நினையாதை. முன்னுக்கு நிக்கிறவனோடதானே விளையாடலாம்? அவங்கள் தங்கட வேலையைத் திறமாத்தான் செய்தவங்கள். துள்ளினது நீங்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை எண்டு எங்கட பழைய ஆக்கள் சும்மாவோ சொன்னவை?

பதினாலாவதா வந்தது இந்தியா. 41 ஓட்டத்தால தோல்வி. அதையெண்டாலும் ஒரு போட்டி எண்டு சொல்லலாம், துனித் வெல்லாலகே அண்டைக்கு 5 விக்கெட் எடுத்தவன். அஞ்சு நாள் கழிச்சு, செப்டெம்பர் 17, இறுதிப் போட்டி. வேற எங்கயும் இல்லை, எங்கட கொழும்பில, பிரேமதாச மைதானத்தில. கொட்டாஞ்சேனைப் பொடியள் நடந்தே போய்ச் சேர்ந்திடுவாங்கள். அங்க எங்கட அணி 15.2 ஓவரில 50 ஓட்டத்துக்கு முழுசாச் சுருண்டது. சிராஜ் 21 ஓட்டம் குடுத்து 6 விக்கெட். இந்தியா 6.1 ஓவரில ஒரு விக்கெட்டும் விடாமல் கதையை முடிச்சிட்டு பையைக் கட்டினது. மழைக்கு ஒதுங்கி நிண்டது இந்த ஆட்டத்துக்குத்தானோ எண்டு டிக்கெட் வாங்கினவன் புலம்பினான்.

உலகக் கிண்ணத்துக்குப் போனம். 9 போட்டியில 2 வெற்றி. மும்பாயில திரும்பவும் அதே இந்தியா, இந்த முறை 55 ஓட்டம். அஞ்சு ஓட்டம் முன்னேற்றம் எண்டு வேணுமெண்டால் எழுதி வை. கடைசியில ஒன்பதாம் இடம். அதால 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கு எங்களை ஒருத்தரும் கூப்பிடவும் இல்லை.

இனி உன்ர 13ஐக் கொண்டுபோய் எங்க வைக்கப்போறாய்?

ஸ்கார்பரோவில எனக்கு ஒரு பேரன் இருக்கிறான். அவனுக்குக் கிரிக்கெட் சரிவராது, கூடைப்பந்து விசர். அமெரிக்காவில கல்லூரிப் பொடியள் விளையாடுறது. போன் எடுத்தால் சாப்பிட்டியளோ எண்டு கேக்க முதல் அதுதான் கதை. "அம்மப்பா, இந்த வருசம் எந்த கொன்பரன்ஸ் பெரிசு எண்டு பெரிய சண்டை நடக்குது." நடக்கட்டும், எங்களுக்கென்ன எண்டு விட்டிருப்பன். கேட்டுப் பார்த்தால் அது எங்கட கதைதான், சட்டை மட்டும் வேற.

அங்க முதலாம் தரத்தில மட்டும் 350க்கு மேல கல்லூரி. எல்லாரும் எல்லாரோடயும் விளையாட ஏலுமோ? ஒரு வருசத்துக்கு ஒரு கல்லூரிக்கு முப்பது போட்டி சொச்சம்தான். அதால முப்பதுக்கு மேற்பட்ட கூட்டமாப் பிரிஞ்சு நிக்கினம். அந்தக் கூட்டத்துக்குத்தான் கொன்பரன்ஸ் எண்டு பேர். மார்ச் மாசம் 68 அணிக்கு ஒரு பெரிய போட்டி. ஒவ்வொரு கொன்பரன்ஸிலயும் வெண்டவனுக்கு ஒரு கதிரை நிச்சயம். மிச்சக் கதிரைக்குத்தான் அடிபாடு. மேசையைச் சுத்தி ஒரு குழு இருந்து தெரிவு செய்யும். ஒருத்தன் 25 வெண்டவன், இன்னொருத்தன் 20 வெண்டவன். ஆரைக் கூப்பிடுறது? 25ஐ எண்டு சொல்லுவாய். நீ 13ஐ நம்பின ஆள்தானே.

அவங்களும் இந்தக் கேள்வியில அந்தரப்பட்டுத்தான் 1981இல ஒரு கணக்கைக் கொண்டுவந்தவங்கள். ஆர்.பி.ஐ. எண்டு பேர். நீ வெண்ட விகிதத்துக்கு 25 வீதம்தான் மதிப்பு. நீ மோதின அணிகள் எத்தினை வெண்டது எண்டதுக்கு 50 வீதம். அந்த அணிகள் மோதின அணிகள் எத்தினை வெண்டது எண்டதுக்கு மிச்சம் 25. யோசிச்சுப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக் கலியாணத் தரகர்தான் உந்தக் கணக்கைப் போட்டிருக்கவேணும். மாப்பிள்ளைக்குக் கால்வாசி, மாப்பிள்ளையின்ர சொந்தக்காரருக்கு அரைவாசி, சொந்தக்காரரின்ர சொந்தக்காரருக்கு மிச்சக் கால்வாசி!

சிரிக்காதை. தரகர் மடையனில்லை. ஆனா எந்தக் கணக்கு வந்தாலும் அதை ஏய்க்க ஒருத்தன் வருவான். தோற்கிறவனுக்குள்ளயே பார்த்து, கொஞ்சம் கூட வெல்லுற தோற்கிறவனாத் தேடிப் பிடிச்சால் புள்ளி ஏறும் எண்டு கண்டுபிடிச்சாங்கள். அதுக்குப் பிறகு போட்டி அட்டவணை எழுதுறதே ஒரு தொழிலாப் போச்சு. 2018இல பழைய கணக்கைத் தூக்கி எறிஞ்சிட்டு நெட் எண்டு புதுக் கணக்கு கொண்டுவந்தவை. அதில வெற்றியை நாலு பெட்டிக்குள்ள போடுவினம். சொந்த மண்டபத்தில முதல் 30 இடத்துக்குள்ள நிக்கிறவனை வெண்டால் முதலாம் பெட்டி. எதிராளியின்ர மண்டபத்துக்குப் போய் முதல் 75க்குள்ள ஒருத்தனை வெண்டாலும் அதே முதலாம் பெட்டி. தன்ர முத்தத்தில நிண்டு 30ஆவது ஆளை வெல்லுறதும், பிறத்தியான்ர முத்தத்தில போய் 75ஆவது ஆளை வெல்லுறதும் ஒண்டு எண்டு கணினி வச்சுக் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள். என்ர அப்பு இருந்திருந்தால் ஒரு சுருட்டுப் பத்தி முடிக்க முதல் சொல்லியிருப்பார்.

விளங்கேல்லையோ? வெள்ளவத்தையில ரியூசனுக்கு ஓடின பொடியனுக்கு இது விளங்கவேணுமே. ஏ.எல்.லுக்கு இசட் புள்ளி எண்டு 2001இல கொண்டுவந்தது எதுக்கு? பௌதிகவியலில 70 எடுத்தவனையும் வேறொரு பாடத்தில 70 எடுத்தவனையும் அப்பிடியே பக்கத்தில நிப்பாட்டேலாது எண்டுதானே. உன்னோட சோதனை எழுதினவை எப்பிடிச் செய்தவை எண்டு பார்த்துத்தான் உனக்கு நிறை. 2011இல பழைய பாடத்திட்டக்காரரையும் புதுப் பாடத்திட்டக்காரரையும் ஒரே குவியலாக் கலந்து கணக்குப் போட்டு, அடுத்த வருசம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், திரும்பக் கணக்குப் போட்டவை. மாவட்டக் கணக்கு வேற இருக்கு. அதுக்குள்ள நான் இறங்கேல்லை. 1970களில தரப்படுத்தல் எண்டு தொடங்கின கதை எங்க போய் முடிஞ்சது எண்டு உன்ர அப்பாவைக் கேள், அவர் ராவு முழுக்கச் சொல்லுவார்.

நான் பேரன்ர கதைக்கு வாறன். அவன் சொன்னதில எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்டு இருக்கு. நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசமும் அந்தக் கல்லூரிகள் வெளியாரோட விளையாடும். அதுக்குப் பிறகு பெரும்பாலும் தங்கட கொன்பரன்ஸுக்குள்ளதான். உள்ளுக்குள்ள விளையாடினால் என்ன நடக்கும்? ஒருத்தன் வெண்டால் ஒருத்தன் தோப்பான். மொத்தமாக் கூட்டினால் அரைவாசி வெற்றி, அரைவாசி தோல்வி. அந்தக் கூட்டம் பெரிசோ சின்னதோ எண்டது அதில இருந்து ஒருநாளும் தெரியவராது. கிறிஸ்மசுக்கு முதல் வெளியில போய் என்ன செய்தினம் எண்டதுதான் அந்தக் கொன்பரன்ஸின்ர மதிப்பு. தை மாசம் பிறந்தால் கதவு பூட்டியாச்சு. பிறகு நடக்கிறதெல்லாம் குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறது.

அமெரிக்காக்காரன் மட்டும்தான் குதிரை ஓட்டுறான் எண்டு நினையாதை. எங்கட வலைப்பந்தாட்டப் பிள்ளையளைப் பார். 2018இல சிங்கப்பூரில ஆசியக் கிண்ணம். இறுதியில சிங்கப்பூரை அவங்கட வீட்டிலயே வச்சு வெண்டு வந்ததுகள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் கையைத் தூக்கினால் பந்து வளையத்துக்குப் பக்கத்திலதான் நிக்கும். நாங்கள் எல்லாரும் கை தட்டினம். தட்டவேண்டியதுதான், நானும் தட்டினன். அடுத்த வருசம் லிவர்பூலில உலகக் கிண்ணம். 16 நாடு. அங்க கடைசிக்கு எஞ்சி நிண்டு 15ஆம் இடத்துக்கு அடிபட்டது ஆர் தெரியுமோ? இலங்கையும் சிங்கப்பூரும். ஆசியாவில முதலாவதும் ரெண்டாவதும், உலகத்தில பதினைஞ்சாவதும் பதினாறாவதும். அந்தப் பிள்ளையின்ர திறமையில ஒரு குறையும் இல்லை, லிவர்பூலிலயும் கொட்டிக் குவிச்சவள். வட்டம் சின்னது, அவ்வளவுதான். ஆசியாவுக்கு வெளியில வருசத்துக்கு எத்தினை நல்ல போட்டி அந்தப் பிள்ளையளுக்குக் கிடைச்சது எண்டு ஆரும் கேட்டவையோ? தோத்த உடன ஆளாளுக்கு ஆலோசனை சொல்ல மட்டும் வந்தவை.

அப்ப நீ கேக்கலாம். கெட்டித்தனம் இருந்தால் பெரிய ஆளோட போய் மோதவேண்டியதுதானே, ஆர் வேண்டாம் எண்டது?

இஞ்சதான் தம்பி சூட்சுமம் கிடக்கு. மோத விரும்பினால் காணாது. மற்றவன் மோத வரவேணும்.

அமெரிக்காவில பெரிய கல்லூரி சின்னக் கல்லூரிக்குக் காசு குடுத்துக் கூப்பிடும். எங்கட மண்டபத்துக்கு வா, எங்கட சனத்துக்கு முன்னால தோத்திட்டுக் காசோலையை வாங்கிக்கொண்டு போ. சட்டப்படி நடக்கிற விசயம், ஒளிப்பு மறைப்பு இல்லை. சின்னவன் உங்கட மண்டபத்துக்கு வாறன், நீங்களும் ஒருக்கால் எங்கட மண்டபத்துக்கு வாங்கோ எண்டு கேட்டால் பெரியவனுக்கு அண்டைக்குக் காய்ச்சல். வெண்டால் லாபம் கொஞ்சம், தோத்தால் மானம் போகும். எதுக்கு வாறது?

2019 நவம்பரில கென்டக்கி எண்ட பெரிய கல்லூரி முதலாம் இடம். எவன்ஸ்வில் எண்ட சின்னக் கல்லூரிக்கு 90,000 டொலர் குடுத்துக் கூப்பிட்டவை. அதுகள் வந்து 67க்கு 64 எண்டு வெண்டிட்டு, காசையும் வாங்கிக்கொண்டு போச்சுதுகள்! பேரன் சொல்லேக்க நான் சிரிச்ச சிரிப்பில உன்ர மாமி குசினிக்குள்ள இருந்து ஓடி வந்தவ. கதை அதோட முடியேல்லை. அதே எவன்ஸ்வில் அதே பருவத்தில தன்ர கொன்பரன்ஸுக்குள்ள 18 போட்டி விளையாடி 18உம் தோத்தது. முதலாம் ஆளை வெண்டவன் தன்ர ஊரில ஒருத்தனையும் வெல்லேல்லை. இதை எந்த அட்டவணைக்குள்ள போட்டு எப்பிடிக் கலர் அடிக்கப்போறாய்?

எங்களுக்கும் இப்பிடிக் கதவு சாத்தினவை. 1982 பெப்ரவரியில எங்கட முதலாவது டெஸ்ட், இங்கிலாந்தோட, பொரளைப் பக்கம் தமிழ் யூனியன்காரரின்ர சரவணமுத்து மைதானத்தில. அதுக்குப் பிறகு தங்கட ஊருக்கு எங்களைக் கூப்பிட்டவங்கள். எப்பிடி? 1984இல ஒரு டெஸ்ட். 1988இல ஒரு டெஸ்ட். 1991இல ஒரு டெஸ்ட். 1998இல ஒரு டெஸ்ட். ஒவ்வொரு முறையும் ஒண்டே ஒண்டு, வந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணி மட்டும் குடுத்து அனுப்புற மாதிரி. அந்த 1998 ஓவலில இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில 445 அடிச்சிட்டு நிம்மதியா இருந்தது. ஜயசூரிய 213, அரவிந்த 152, முத்தையா முரளிதரன் ரெண்டு இன்னிங்ஸிலயுமாச் சேர்த்து 16 விக்கெட். பத்து விக்கெட்டால வெற்றி. அடுத்த முறை, 2002இல, மூண்டு டெஸ்ட் தந்தவை. கேட்டுக் கிடைக்காதது அடிச்ச பிறகு கிடைச்சது. ஆனா அந்த அடியை அடிக்க ஒரு நாள் கிடைக்கவேணுமே. அந்த ஒரு டெஸ்டும் தராமல் விட்டிருந்தால்?

விளையாடாமல் இடம் பிடிக்கிற கெட்டித்தனமும் ஒண்டு இருக்கு, அதையும் கேள். 2017 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கு எட்டு அணி. 2015 செப்டெம்பர் 30ஆம் திகதி தரவரிசையில முதல் எட்டுக்குள்ள நிக்கவேணும். அந்த வருசம் பங்களாதேஷ் தன்ர ஊரில வச்சு பாகிஸ்தானையும் இந்தியாவையும் தென்னாபிரிக்காவையும் அடுத்தடுத்து வெண்டு மேல ஏறிவிட்டுது. மிஞ்சினது ஒரு கதிரை. பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் அதைச் சுத்தி நிக்கினம். சிம்பாப்வேயில மூண்டு அணித் தொடர் ஒண்டு நடக்கப்போகுது எண்டு ஒரு கதை வந்தது. பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள், சிம்பாப்வே.

அப்ப தொடங்கினது கணக்கு. ஐ.சி.சி.யின்ர முறைப்படி, ரெண்டு அணிக்கும் தரப்புள்ளி இடைவெளி 40க்குக் குறையாமல் இருந்தால், பலசாலி வெண்டால் தன்ர தரப்புள்ளியோட 10 கூட்டித்தான் அந்தப் போட்டிக்குப் போடுவாங்கள். தோத்தால் 90 குறைப்பாங்கள். சின்னவனை வெண்டால் ஒரு கிள்ளு, தோத்தால் ஒரு குத்து. புத்தியுள்ளவன் போவானோ? பாகிஸ்தான் ஜூலையில எங்கட ஊருக்கு வந்து எங்களை மூண்டுக்கு ரெண்டு எண்டு வெண்டு இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டது. பேந்து அந்த மூண்டு அணித் தொடர் நடக்கவே இல்லை. சிம்பாப்வேக்குப் போகாமலும் விடேல்லை, போனவை. முதலாவது ஒருநாள் போட்டி ஒக்டோபர் 1. திகதி முடிஞ்ச அடுத்த நாள்! ரெண்டாவது போட்டியில சிம்பாப்வே வெண்டது, பார்த்தியோ, பயந்ததில ஒரு நியாயம் இருந்திருக்கு. மேற்கிந்தியத் தீவுகள் ஒன்பதாவதா வெளியில நிண்டது. எட்டாவதா உள்ளுக்குப் போன பாகிஸ்தான் 2017இல இறுதிப் போட்டியில இந்தியாவை 180 ஓட்டத்தால வெண்டு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. எட்டாவது எண்டு அட்டவணை சொன்ன ஆள்.

அதுக்காக, அட்டவணை இலேசா இருந்தவன் எல்லாம் சொத்தி எண்டு முடிவு கட்டாதை. உனக்கு இப்ப புதுசா ஒரு ஆயுதம் கிடைச்சிட்டுது, எல்லாரையும் அதால குத்தப்போறாய், எனக்குத் தெரியும். பொறு. டெஸ்ட் சம்பியன்ஷிப்பைப் பார். ஒன்பது அணி, ரெண்டு வருசம். ஒரு அணிக்கு ஆறு தொடர்தான், மூண்டு உள்ளூரில, மூண்டு வெளியூரில. எட்டு எதிராளியில ரெண்டு பேரை நீ சந்திக்கவே மாட்டாய். எந்த ரெண்டு பேர் எண்டதிலதான் அதிர்ஷ்டம் இருக்கு. தொடருக்கு ரெண்டு டெஸ்டோ அஞ்சு டெஸ்டோ எண்டதும் ஆளைப் பொறுத்தது. 2023இல இருந்து 2025 வரையான சுற்றில இங்கிலாந்துக்கு 22 டெஸ்ட், தென்னாபிரிக்காவுக்கு 12. அதாலதான் புள்ளியை விட்டிட்டு வீதக் கணக்கு.

அந்த 12இல தென்னாபிரிக்கா அவுஸ்திரேலியாவையும் சந்திக்கேல்லை, இங்கிலாந்தையும் சந்திக்கேல்லை. நியூசிலாந்துக்குப் போகவேண்டி வந்த நேரம் உள்ளூரில 20 ஓவர்த் திருவிழா எண்டு பெரிய ஆக்களை வீட்டில வச்சிட்டு, டெஸ்டே விளையாடாத ஒருத்தனைக் கப்டனாக்கி அனுப்பி ரெண்டிலயும் தோத்தது. எண்டாலும் 69.44 வீதத்தோட முதலாம் இடம். இங்கிலாந்துப் பண்டிதர்மார் மூக்கைச் சுளிச்சினம். இலேசான ஆக்களோட விளையாடி இறுதிக்கு வந்திட்டினம் எண்டு. நீயும் பேப்பரைப் பார்த்திட்டு ஓமோம் எண்டு தலையாட்டினாய்.

அந்த இலேசான ஆள் ஆரெண்டு தெரிஞ்சுகொண்டோ தலையாட்டினாய்? நாங்கள்தான் ராசா! 2024 நவம்பரில டேர்பனில எங்கட அணி 42 ஓட்டத்துக்கு முடிஞ்சது. மார்கோ யான்சன் 13 ஓட்டத்துக்கு 7 விக்கெட். ரெண்டு டெஸ்டிலயும் தோத்து, அவங்கட வீதத்தை ஏத்திவிட்டதில எங்கட பங்கும் இருக்கு. 2019இல அதே தென்னாபிரிக்காவில ரெண்டுக்குப் பூச்சியம் எண்டு தொடரை வெண்ட முதலாவது ஆசிய அணியும் நாங்கள்தான். ஆனபடியால் இலேசான ஆள் எண்டதும் வருசத்துக்கு வருசம் மாறுற விசயம்.

2025 ஜூனில லோர்ட்ஸில இறுதி. எதிரில, ரெண்டு வருசமாச் சந்திக்காத அதே அவுஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில 138க்குச் சுருண்ட தென்னாபிரிக்கா, 282 தேவையெண்டு வந்த இடத்தில மார்க்ரம் 136 அடிச்சு, அஞ்சு விக்கெட்டால வெண்டது. ரபாடா ரெண்டு இன்னிங்ஸிலயுமா 9 விக்கெட். பண்டிதர்மார் சத்தமில்லாமல் அடுத்த தலைப்புக்குப் போனவை. சந்தேகப்பட்டதில பிழையில்லை, நானும் பட்டன். அவங்கள் மறுமொழியை மைதானத்தில குடுத்தாங்கள்.

அட்டவணைக்காரருக்கு நான் சொல்ல விரும்புறது ஒண்டு இருக்கு. எங்கட கல்கிசை சென் தோமஸும் ரோயலும் 1880இல இருந்து விடாமல் பெரும் போட்டி விளையாடினம். மார்ச் மாசம் பொடியள் கொடியும் பபரே வாத்தியமுமா லொறியில ஏறிக் காலி வீதியால போகேக்க இஞ்ச களுபோவில வரைக்கும் சத்தம் கேக்கும். அதில 1885ஆம் ஆண்டுப் போட்டி. ரோயல் 9 ஓட்டத்துக்கு எல்லாரும் அவுட். ஆட்டம் முடியாமல் நிண்டுபோச்சு. சென் தோமஸ்காரர் அது தங்கட வெற்றி எண்டுவினம். ரோயல்காரர் அது வெற்றி தோல்வி இல்லாத ஆட்டம் எண்டுவினம். 140 வருசமா ரெண்டு பகுதியும் ரெண்டு கணக்கு வச்சிருக்கினம். ஒரேயொரு போட்டியில ஆர் வெண்டது எண்டு முடிவு கட்டேலாத உலகத்தில நீ முன்னூற்றம்பது அணிக்கு ரெண்டு தசமத்தில இடம் போடுறாய்!

போடு, வேண்டாம் எண்டேல்லை. பொழுது போகவேணும். ஆனா பள்ளிக்கூடக் கிரிக்கெட்டோ, கழகமோ, நாடோ, எவனாவது இந்தப் பருவத்தில தோக்கவே இல்லை எண்டு நெஞ்சைத் தட்டினால் மூண்டு விசயம் கேள். ஆரோட விளையாடினவன், ஆர் வீட்டில விளையாடினவன், அந்த நாளையும் ஆளையும் தெரிவு செய்தது ஆர். மூண்டாவதுக்கு மறுமொழி சொல்லேக்க ஆளின்ர குரல் கொஞ்சம் இறங்கும், அதையும் கவனி. தோத்தவனிட்டயும் உதே மூண்டையும் கேள். அவனிட்டக் கேக்க ஒருத்தருக்கும் நினைவு வாறதில்லை.

இப்ப நடக்கிற 2025–27 சுற்றில அவுஸ்திரேலியாவுக்கு 22 டெஸ்ட், இங்கிலாந்துக்கு 21, இந்தியாவுக்கு 18. எங்களுக்கும் பங்களாதேஷுக்கும் 12. எங்கட 12உம் ஆரோட, எங்க எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு வா. தரவரிசையை அதுக்குப் பிறகு கதைப்பம்.